சேஷாத்ரி மாமா மெஷின் மாறிய கதை

ஒரு பெயரை ஒரு பட்டியலிலிருந்து எடுத்து இன்னொரு பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலை எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி. பம்பாயில், செம்பூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்போது இன்டர்நெட் என்று ஒரே கடல் கிடையாது. எல்லாம் தனித்தனிக் குட்டைகள். அமெரிக்கக் கல்லூரிகளின் கம்ப்யூட்டர்கள் ஒரு குட்டை. நம் ஊர் ஆராய்ச்சி நிலையங்களின் கம்ப்யூட்டர்கள் வேறொரு குட்டை. எங்கள் பட்டியல் விஷயத்தில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் தானாகப் போகாது. நடுவில் யாராவது உட்கார்ந்து மொண்டு ஊற்ற வேண்டும்.

அந்த யாராவது நான்.

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன தமிழ்ப் பையன்கள் சேர்ந்து ஒரு கடிதப் பட்டியல் வைத்திருந்தார்கள். பட்டியலின் விலாசத்துக்கு ஒருவர் எழுதினால் அதில் உள்ள அத்தனை பேருக்கும் போகும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். குளிரில் இட்லி மாவு ஏன் பொங்கவில்லை என்று ஆறு வாரம் சண்டை போட்டார்கள். அங்கிருந்து வருவதை எடுத்து, மேலே ஒட்டிக்கொண்டு வரும் குப்பை வரிகளைக் களைந்து, இங்கே இருந்த இருபது பேருக்கு அனுப்புவேன். இவர்கள் எழுதுவதை அங்கே அனுப்புவேன். நாளொன்றுக்கு இரண்டு முறை டெலிபோன் லைன் கிடைக்கும்போது மெஷின் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும்.

எல்லாக் கடிதத்தின் தலையிலும் என் பெயர் இருக்கும். ஒரு கடிதமும் எனக்கு எழுதியதாக இருக்காது. தபால்பெட்டிக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லையே.

சேஷாத்ரி மாமா எங்கள் நிலையத்தின் கணிதப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுங்காவில் எனக்கு அடுத்த கட்டிடம். ஓய்வு பெற்ற பிறகும் பட்டியலைப் படிக்கவென்றே தினமும் வருவார். அந்த வாரம், அதே ரோட்டில் பத்து நிமிட நடையில் இருந்த இன்னொரு நிலையத்தில் அவருக்கு ஆலோசகர் வேலை கிடைத்தது. அங்கே அவருக்குத் தனி மெஷின், தனி விலாசம்.

டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். "ஜானகி, என் பேரை இங்கேர்ந்து எடுத்து அங்க போட்டுடு. எல்லாருக்கும் ஒரு வரி எழுதிடு. புது விலாசம் தெரியணுமோல்லியோ."

"எழுதிடறேன் மாமா."

"சுருக்கமா எழுது. உனக்கு எழுத உக்காந்தா நிறுத்தத் தெரியாது."

கையில் பிள்ளையின் தீசிஸ் நகலை வைத்திருந்தார். ஸ்ரீதர் அமெரிக்காவில் ஐந்து வருடமாகக் கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அடுத்த திங்கட்கிழமை வைவா. அது முடிந்ததும் அவனுடைய கைடு ஒரு வருடம் வெளிநாடு போகிறார்.

"இந்தத் தேதியை விட்டா இன்னும் ஒரு வருஷம் அங்கேயே உக்காந்திருக்கணும்" என்று அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றும் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் எழுத உட்கார்ந்தேன்.

காலேஜில் தமிழ் படித்தவளிடம் இந்த மாதிரி வேலையைக் கொடுக்கக் கூடாது. 'விலாசம் மாறியிருக்கிறது' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. எனக்குப் போதவில்லை. படிப்பவர்களுக்கு முதலில் நெஞ்சு திக்கென்று இருக்க வேண்டும், பிறகு ஒரு மௌனம், அப்புறம் சிரிப்பு. இப்படி எழுதினேன்:

நம் சேஷாத்ரி மாமா
நம்மையெல்லாம் விட்டுப்
போயிட்டார்
.
இந்த மெஷினை விட்டு அந்த மெஷினுக்கு. புது விலாசம் கீழே.

நான்காவது வரியில் தனியாக நிற்கிறதே ஒரு புள்ளி, அதுதான் மௌனம். மௌனத்துக்கு ஒரு வரி முழுதாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஓசை நன்றாக இருந்தது. அனுப்பினேன்.

இங்கே இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். ஒருவர் போன் பண்ணி, "நீங்க புத்தகம் போடலாம்" என்றார். அன்று நான் ஒரு ஸ்டாப் தாண்டித்தான் பஸ்ஸை விட்டு இறங்கினேன், அவ்வளவு மிதப்பு.

செவ்வாய்க்கிழமை காலை அமெரிக்காவிலிருந்து ஒரு பதில். "ஆழ்ந்த வருத்தங்கள். எப்படி நடந்தது?"

பரவாயில்லையே, விளையாட்டுக்கு விளையாட்டாகவே பதில் சொல்கிறானே, ரசிகன், என்று நினைத்தேன். நானும் விடவில்லை. பட்டியலுக்கே பதில் எழுதினேன்.

"நேற்று காலை பத்தரைக்குப் போனார். ஒரு கஷ்டமும் இல்லை. டீ குடித்தார். குடையை எடுத்துக்கொண்டார். போய்விட்டார். எல்லோருக்கும் இப்படி அமைய வேண்டும்."

அன்று நல்ல மழை. டெலிபோன் லைன் கிடைக்கவில்லை. கடிதம் மெஷினிலேயே காத்துக்கொண்டிருந்தது. அது அங்கேயே மக்கிப் போயிருக்கலாம்.

புதன்கிழமை காலை லைன் கிடைத்ததும் பதினான்கு கடிதங்கள் வந்து விழுந்தன. ஓரத்தில் ஓட்டை போட்ட அகலக் காகிதத்தில் அச்சடித்து எடுத்தேன். ஒருவர் மாமாவின் பெருந்தன்மையைப் பற்றி எழுதியிருந்தார். ஒருவர், இனிமேல் யாரிடம் சந்தேகம் கேட்பேன் என்று எழுதியிருந்தார். ஒருவர் வெண்பாவில் இரங்கல் பாடியிருந்தார்.

மூன்றாவது அடியில் தளை தட்டியது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதன் கண்ணீர் விட்டுப் பாடியிருக்கிறான். என் கண்ணுக்குத் தட்டிய தளைதான் தெரிந்தது. அதைத் திருத்தி, 'உங்களுக்கு ஒரு வெண்பா வந்திருக்கிறது' என்று மாமாவின் புது விலாசத்துக்கு அனுப்பி வைத்தேன்.

பத்து நிமிடத்தில் மாமா நேரில் வந்துவிட்டார். கூடவே எங்கள் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஜோஷியும் வந்தார்.

"என்ன ஜானகி, இதுல நான் செத்துப் போயிருக்கேன்?"

"விளையாட்டு மாமா."

"பதினாலு பேருமா விளையாடறா?"

அப்போதுதான் அது விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது. ஜோஷி பதில் கடிதங்களில் ஒன்றை எடுத்து, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த என் கடிதத்தைப் பார்த்தார். மூன்றே வரி. 'போயிட்டார்' என்பதோடு முடிந்திருந்தது. என் மூலக் கடிதத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"அரே மேடம், யே டாட் அகேலா க்யூன் ரக்கா?" என்றார். அந்தப் புள்ளியை ஏன் தனியாக வைத்தீர்கள் என்று கேட்கிறார்.

"வோ... காமோஷி ஹை" என்றேன். அது மௌனம் என்று.

ஜோஷி பொறுமையாக விளக்கினார். வழியில் உள்ள சில மெஷின்களுக்கு, ஒரு வரியில் புள்ளி மட்டும் தனியாக வந்தால் கடிதம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் உள்ளதை அவை தூக்கிப் போட்டுவிடும். நம் ஊர் மெஷின்கள் என் மௌனத்தைப் பொறுத்துக்கொண்டன. அந்தப் பக்கத்து மெஷின் பொறுக்கவில்லை.

மாமா இதைக் கேட்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோபாலைப் பாரேன். ரெண்டு மாசம் இவனுக்கு ஃபோரியர் சொல்லிக் குடுத்தேன். 'நல்ல மனிதர்'னு ரெண்டே வார்த்தையோட நிறுத்திட்டான்."

"மாமா, உடனே திருத்தம் அனுப்பிடறேன்."

"இரு, இரு. நாளைக்குப் பாத்துண்டு அனுப்பு. இன்னும் சில பேர் பாக்கி இருக்கா."

மெஷின் இன்னொரு கடிதத்தை அச்சடித்து முடித்தது. பதினைந்தாவது. அது பட்டியலுக்கு வந்ததல்ல. எனக்கு வந்தது. என் பெயர் போட்டு எனக்கே வந்த முதல் கடிதம். ஆசையாகக் கிழித்து எடுத்தேன்.

ஸ்ரீதர் எழுதியிருந்தான். படிப்பு மும்முரத்தில் அவன் பட்டியலில் இல்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஜானகி அக்கா, வீட்டுக்குப் போன் போகவே மாட்டேன் என்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வரும்வரை எல்லோரையும் காத்திருக்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கைடைப் பார்த்து, வைவாவுக்கு வரமுடியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டு நேரே ஏர்போர்ட் போகிறேன். இனி லேபுக்குப் போகமாட்டேன். அப்பா என் வைவாவைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்."

மாமா வீட்டு டெலிபோன் மழையில் செத்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

காகிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார். ஒரு நிமிடம் முன்னால் கோபாலைத் திட்டிக்கொண்டிருந்த முகம் இல்லை அது.

"ஜானகி, அவன் எழுதிக் குடுத்துடப் போறான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

லேபுக்குப் போகாதவன் எங்கள் கடிதத்தைப் பார்க்க வழியில்லை. இருந்தாலும் அவனுக்குத் தனியாக ஒன்று அனுப்பினேன். பட்டியலுக்கும் ஒன்று: "மாமா இருக்கிறார். நன்றாக இருக்கிறார். முந்தைய கடிதத்தை நம்ப வேண்டாம். ஸ்ரீதரைத் தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்." புள்ளிகளை எல்லாம் சொற்களோடு ஒட்டி வைத்தேன்.

ஜோஷி, "நம்ம லைன்ல போட்டா லேட் ஆகும். நான் டெல்லி மெஷின் வழியா அனுப்பறேன், ஏக்தம் ஃபாஸ்ட்" என்று ஹிந்தியில் சொன்னார். நல்ல மனிதர். அவர் உதவி செய்யாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மாமாவும் நானும் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுத் தபால் ஆபீசில் மூடும்வரை உட்கார்ந்திருந்தோம். கவுன்டரில் இருந்த அம்மாள், "லைன் நஹி மில்தா, காக்கா" என்று, அதாவது லைன் கிடைக்கவில்லை பெரியவரே என்று, அரை மணிக்கு ஒரு தடவை சொன்னாள்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பதில்கள் வந்தன. ஆவலாகப் படித்தேன்.

"காலையில் மாமா இருக்கிறார் என்று வந்தது. நாங்கள் கைதட்டினோம். ஸ்ரீதரின் போன் எங்கேஜ்டாகவே இருந்ததால், நேரில் சொல்ல ஒருவர் காரை எடுத்தார். அதற்குள் டீ குடித்துவிட்டுப் போனார் என்று வந்துவிட்டது. காரை நிறுத்திவிட்டோம்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. என் திருத்தம் டெல்லி வழியாகப் பறந்து முதலில் போய்விட்டது. அதற்கு முந்தின நாள் நான் எழுதிய விளையாட்டுக் கடிதம் புதன்கிழமை காலை எங்கள் லைனில் கிளம்பி ஆற அமரப் பின்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் கணக்கில் மாமா ஒரு முறை இறந்து, பிழைத்து, மறுபடி இறந்திருக்கிறார்.

இன்னொருவர் எழுதியிருந்தார்: "கடைசி நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டாராமே. எந்த மழையை நினைத்தாரோ. அந்தக் குடை எங்களைத் தூங்கவிடவில்லை."

இரங்கல் மொத்தம் முப்பத்தொன்று ஆகியிருந்தது. ஸ்ரீதரிடமிருந்து பதில் எதுவும் இல்லை.

மாமாவுக்குச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தார். "அங்க இப்போ விடியக்கூட இல்லை. நம்ம ஏழரைக்கு அவனுக்குப் பத்து. ஏழு மணிக்குள்ள பிடிச்சாகணும்."

தாராவியில் காதர் பாயிடம் வெளிநாட்டுக்கு நேரே பேசும் போன் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பை தைக்கும் பட்டறை. துபாய்க்குச் சரக்கு அனுப்புவார். அவர் மகளுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். டாக்சி பிடித்து, டிராஃபிக்கில் நின்று, சந்துக்குள் இறங்கி நடந்து போய்ச் சேரும்போது ஆறேகால்.

"வாங்கக்கா. என்ன இந்நேரத்துல? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாருக்கும் எதுவும் ஆயிப்போச்சா?"

"இவருக்குத்தான் பாய்" என்று மாமாவைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன்.

காதர் பாய் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எல்லாரும் மிசின நிறுத்துங்கலே. பெரியவரு பேசப் போறாரு." எட்டுத் தையல் மெஷினும் நின்றன. "அக்கா, இந்தப் போன்ல எத்தனையோ மௌத்துச் சேதி சொல்லியிருக்காவ. மௌத்தானவுகளே வந்து சேதி சொல்லுதது இதான் மொத தடவ."

ஐந்தாவது முயற்சியில் மணி அடித்தது. மாமா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கக் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது, அவ்வளவு நிசப்தம்.

"ஹலோ, ஸ்ரீதரா? நான்தான்டா."

"சித்தப்பா." அழுது கரகரத்த குரல். "எப்ப பம்பாய் வந்தேள்?"

"சித்தப்பா இல்லைடா, அப்பா."

"தெரியும் சித்தப்பா. அப்பாவை நெனச்சா எனக்கும் தாங்கலை. உங்க குரல் வேற அப்படியே அவர் மாதிரி இருக்கு. அம்மா எப்படி இருக்கா?"

"நன்னா இருக்கா. அவளுக்கு இன்னும் விஷயமே தெரியாது."

"அம்மாகிட்ட இன்னும் சொல்லலையா?" அந்தப் பக்கம் அலறியது.

நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். காதர் பாய் மெதுவாக, "பெரியவரு மோசமாப் பேசுதாரே" என்றார்.

"டேய், நான் சாகலைடா. இந்த ஜானகி ஒரு புள்ளியைத் தப்பா வெச்சுட்டா."

"சித்தப்பா, நீங்க அதிர்ச்சியில இருக்கேள். தண்ணி குடிங்கோ. நான் கிளம்பணும். கைடுகிட்ட எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"எழுதிக் குடுக்காதே." மாமா எழுந்து நின்றுவிட்டார். சட்டைப் பையைத் தடவினார், மூக்குக் கண்ணாடிக்காகத் தடவினார், எதுவும் கிடைக்கவில்லை. திடீரென்று குரல் மாறியது. வகுப்பில் பேசுகிற குரல். "நாப்பத்தேழாம் பக்கம். கீழேர்ந்து ரெண்டாவது ஈக்வேஷன். மைனஸ் விட்டிருக்கே. அதுக்கப்புறம் வர்றது அத்தனையும் தப்பு. கேட்டா என்ன சொல்லுவே?"

லைன் போய்விட்டதென்றே நினைத்தேன்.

"அப்பா" என்றான் ஸ்ரீதர்.

மாமா உட்கார்ந்தார். தையல்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் தொங்கிய தோல் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு வார்த்தையில் என்னை நான்தான் என்று கண்டுகொள்ள எனக்கு ஒருவர் உண்டா என்று ஒரு யோசனை வந்தது. அதற்குள் அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது:

"அப்பா, அங்க மைனஸ் வேண்டாம்ப்பா. அதை நாப்பத்தாறுலயே உள்ள தள்ளிட்டேன்."

"எப்படித் தள்ளுவே? ஒவ்வொரு ஸ்டெப்பா சொல்லு."

பதினைந்து நிமிடம் சொன்னான். பாதியில், தப்புதான் என்று ஒப்புக்கொண்டான். மாமா ரிசீவரை வைத்ததும் காதர் பாய் என்னிடம் திரும்பினார். "எல்லாம் போனாலும் மனுசனுக்குக் கணக்கு மட்டும் போகல பாருங்கக்கா." பிறகு மெஷின்கள் ஓட ஆரம்பித்தன.

மாட்டுங்கா வந்து மாடி ஏறும்போது மாமா, "மாமிக்கு எதுவும் தெரியவேண்டாம்" என்றார். கதவைத் திறந்தால் உள்ளே அழுகைச் சத்தம்.

முலுண்டிலிருந்து மாமியின் ஒன்றுவிட்ட தங்கை ராஜம் வந்திருந்தாள். அவளுடைய மருமகன் அமெரிக்காவில், எங்கள் பட்டியலில். மாமி சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

எங்களைப் பார்க்காமலே ராஜம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஐயோ, ரெண்டு மணி நேரமா இப்படியே இருக்காளே. 'ஆபீஸ் போயிருக்கார், வந்துடுவார்'னு அதையே சொல்லிண்டிருக்காளே. அழுதுடும்மா, அழுதுட்டா சரியாயிடும்."

மாமி தலையைத் திருப்பினாள். "வந்தாச்சா? உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"நன்னா இருக்கே" என்றார் மாமா.

"அதை இவகிட்ட நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டேங்கறா."

ராஜம் திரும்பினாள். அப்புறம் அவளுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. தெளிந்து எழுந்ததும், சாவு வீட்டுக்கென்று வந்ததால் குளிக்காமல் போகலாமா கூடாதா என்று சந்தேகம் கேட்டாள். மாமி, "காபி சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

மாமா நடந்ததைச் சொன்ன பிறகு என் பக்கம் வந்தாள். நான் எழுதியதை என் வாயாலேயே சொல்லச் சொன்னாள். மூன்று வரியும் சொன்னேன்.

"காலேஜ்ல தமிழ் படிச்சிருக்கே. 'மாறிட்டார்'னு ஒரு வார்த்தை உனக்குக் கிடைக்கலையாடி?"

கிடைத்தது மாமி, ஓசைதான் சரியாக வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்ரீதரிடமிருந்து கடிதம் வந்தது. பாஸ். நாற்பத்தேழாம் பக்கத்தைத்தான் குடைந்து குடைந்து கேட்டார்களாம். நான் அலங்காரம் எதுவும் இல்லாமல், 'ஸ்ரீதர் வைவாவில் தேறிவிட்டான்' என்று ஒரே வரியில் பட்டியலுக்கு அனுப்பினேன். வாழ்த்துகள் வர வர அச்சடித்து எடுத்து வைத்தேன். வாரக் கடைசியில் மாமா வந்து அவற்றை மேஜைமேல் அடுக்கிப் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் படிச்சவனுக்கு நாலு கடிதம், ஜானகி. ஒண்ணுமே பண்ணாம போன எனக்கு முப்பத்தொண்ணு."